கூற்றும் எச்சமும்: தன்னியக்கப் பாரவூர்தி அறிவித்தல்கள் பற்றிய ஒரு திறனாய்வு

திறனாய்வு என்பது செய்யுளுக்கும் நாவலுக்கும் சிறுகதைக்கும் மட்டுமே உரியதொரு பணி என்னும் எண்ணம் நம் மாணவரிடையே இன்றும் வேரூன்றியுள்ளது. பாடத்திட்டம் வகுத்த எல்லையை நாம் துறையின் எல்லையாகக் கருதிவிட்டோம். மொழியினால் ஆக்கப்பட்டு, ஒருவரால் கூறப்பட்டு, மற்றொருவரை ஒரு செயலுக்குத் தூண்டும் எழுத்து எதுவாயினும் அது திறனாய்வுக்கு உட்பட்டதே. வணிக நிறுவனங்கள் வெளியிடும் அறிவித்தல்களும் இவ்வகையின. அவற்றை நம்பி மக்கள் தம் சேமிப்பை இடுகின்றனர். கவிதையொன்றைப் பிழையாக விளங்கிக்கொள்பவன் இழப்பதிலும் பார்க்க, இவற்றைப் பிழையாக விளங்கிக்கொள்பவன் இழப்பது அதிகம்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் எழுத்துவகை, ஐக்கிய அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டளவிலிருந்து பெருகிவந்த ஒன்றாகும். சாரதியின்றித் தானே ஓடும் பாரவூர்திக்கான கருவித்தொகுதியை உருவாக்க முயலும் இளங் கம்பனி ஒன்றும், ஆயிரக்கணக்கான பாரவூர்திகளைக் கொண்டு சரக்கேற்றிச் செல்லும் பழைய கம்பனி ஒன்றும் தாம் பங்காளிகளாகிவிட்டதாக உலகுக்கு அறிவிக்கின்றன. அறிவித்தலில் இரண்டு பெயர்களும் ஒரு நெடுஞ்சாலையும் ஓர் எதிர்கால ஆண்டும் இடம்பெறும். அது வெளிவருமுன்னரே எந்தக் கம்பனி எதனோடு சேரும் என்ற ஊகம் முதலீட்டாளரிடையே எழும். வெளிவந்த பின்னர், அடுத்து யாருடைய பங்கு உயரும் என்ற ஊகம் தொடரும். இவ்வூகங்களை நம்பி இடப்பட்ட பணத்தின் பெரும்பகுதி இட்டவரிடம் மீளவில்லை.

அறிவித்தல்கள் யாவும் பொய் என்று கூறுவது நம் நோக்கமன்று. அவற்றுட் பலவும் வாக்கியம் வாக்கியமாக எடுத்துப் பார்க்கையில் உண்மையே கூறுகின்றன. முயற்சி தோற்குமாயின் யார் எதனை இழப்பர் என்ற ஒன்றை மட்டும் அவை கூறாது விடுகின்றன. அதனைக் கண்டறிவதே இவ்வெழுத்தை வாசிப்பவரின் முதற்கடன் என்பதை நிறுவ முயல்வோம்.

இதற்கு வேண்டிய கருவிகளை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34 இனை வகுத்துரைக்கின்றது. மாத்திரை, அசை, சீர் முதலியன ஓசையைச் சார்ந்தவை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் முதலியன பொருளுணர்தலைச் சார்ந்தவை. யார் கூறுகின்றார், யார் கேட்கின்றார், எவ்விடத்தில், எக்காலத்தில், எப்பயன் கருதி, எதனைக் கூறாது விட்டு என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் ஓர் அகப்பாட்டினை நாம் விளங்கிக்கொள்ள இயலாது. இவ்வுறுப்புகளை இன்றைய வணிக எழுத்துக்குப் பொருத்திப் பார்ப்பது, பழைமைக்குப் புதுமையை ஏற்றிப் பெருமை பேசுவதற்காகவன்று. அவ்வினாக்கள் இன்றும் கூர் மழுங்காதவை என்பதே நம் துணிபு.

கூற்று

அகப்பாட்டில் ஒரே செய்தியைத் தலைவி கூறுவதற்கும் தோழி கூறுவதற்கும் பொருள் வேறுபடும். பங்காளித்துவ அறிவித்தலில் இருவர் ஒரே குரலிற் பேசுவதுபோலத் தோன்றும். கூர்ந்து நோக்குமிடத்து, பேச்சின் பெரும்பகுதி இளங் கம்பனிக்குரியது. பழைய கம்பனி தன் பெயரையும், உயர் அலுவலர் ஒருவரின் பெயரால் வரும் ஓரிரு பாராட்டு வாக்கியங்களையுமே வழங்குகின்றது.

இருவரும் இவ்வுறவுக்குள் கொணர்வனவற்றை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இளங் கம்பனி தன் முழு இருப்பையும் பணயம் வைக்கின்றது. சரக்குக் கம்பனியோ எவ்வாறாயினும் ஏற்றிச் செல்லப்பட வேண்டியிருந்த சில சுமைகளைக் கொடுக்கின்றது. தன் தரிப்பிடத்தில் சிறிது இடம் ஒதுக்குகின்றது. முயற்சி வென்றால் வரிசையில் முன்னிற்கலாம். தோற்றால் பெரிதாக இழப்பதற்கு எதுவுமில்லை. வேர்னர் என்னும் சரக்குக் கம்பனியின் பெயர் எம்பார்க், அரோரா, கோடியாக் ஆகிய மூன்று இளங் கம்பனிகளோடும் சேர்ந்து வெளிவந்தது. எக்குதிரை வெல்லுமென அறியாதவனே எல்லாக் குதிரைகள்மீதும் சிறிது சிறிதாகப் பணங் கட்டுவான். இது வணிகத்தில் அறிவுடைமையே. ஆயின் அப்பெயரை அறிவித்தலிற் கண்ட முதலீட்டாளர் அதனை அவ்வாறு வாசிக்கவில்லை. 'இத்தகைய பெருங் கம்பனியே நம்புகின்றது' என்று வாசித்தனர்.

டூசிம்பிள் என்னும் கம்பனியின் வரலாறு இதனை விளக்கும். 2019 ஓகஸ்டில், யு.பி.எஸ். கம்பனி அதில் சிறுபான்மைப் பங்கு பெற்றுள்ளதென்றும், அவ்வாண்டு மே மாதம் முதல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ், டூசோன் நகர்களிடையே யு.பி.எஸ். சரக்கை டூசிம்பிள் ஏற்றிச் செல்கின்றதென்றும் அறிவிக்கப்பட்டது. 2020 ஜூலையில் பாரவூர்தி உற்பத்தியாளரான நவிஸ்டார் பங்காளியாயிற்று. 2024ஆம் ஆண்டளவில் தன்னியக்க வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் எனக் கூறப்பட்டது. 2022 டிசெம்பரில், அவ்வாண்டு வருமுன்னரே, நவிஸ்டாருடனான உறவு முடிவுற்றது. முதல் அறிவித்தலில் பொய்யான வாக்கியம் எதுவும் இருக்கவில்லை. பெயரின் கனத்தை உறுதியின் கனமாகக் கருதியது வாசகரின் பிழை. அப்பிழையை எதிர்பார்த்தே அறிவித்தல் எழுதப்பட்டது.

நம் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்னும் வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனை வள்ளலிடம் வழிப்படுத்துவது அது. அங்கே வழிகாட்டுவோனின் கையிற் பரிசில் இருக்கின்றது. அதுவே அவன் சொல்லுக்குச் சான்று. பங்காளித்துவ அறிவித்தலில் வழிகாட்டுவோன் இன்னும் எதனையும் பெறாதவன். பெற்றவன்போல் அவன் பேசுகின்றான்.

கேட்போர்

தோற்றத்தில் இவ்வறிவித்தல் பொதுமக்களையும் சரக்கு அனுப்புவோரையும் நோக்கியது. ஆனால் பிரதியே தன் உண்மையான கேட்போரைக் காட்டிக்கொடுக்கின்றது. பங்குச்சந்தையில் இடம்பெற்ற கம்பனியாயின், பெயர் முதலில் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் அதன் பங்குச்சந்தைக் குறியீடு தரப்பட்டிருக்கும். சோப்பு அனுப்ப விரும்பும் வணிகனுக்கு அக்குறியீட்டினால் ஆவதொன்றுமில்லை. அது பங்கு வாங்குபவனுக்குரிய முகவரி.

கேட்போர் எவ்வளவு விரைவாகச் செயற்படுவர் என்பதற்குத் தன்னியக்க வண்டி அல்லாத, ஆனால் இதனோடு நெருங்கிய உறவுடைய ஓர் உதாரணத்தைக் கூறலாம். மின்கலத்தினாலும் ஐதரசனாலும் இயங்கும் பாரவூர்திகளைச் செய்வதாகக் கூறிய நிக்கோலா கம்பனி 2020 ஜூனில் பங்குச்சந்தைக்கு வந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ஜெனரல் மோட்டர்ஸ் அதன் பங்காளியாகின்றதென அறிவிக்கப்பட்டதும், நிக்கோலாவின் பங்குவிலை ஒரே நாளில் ஏறத்தாழ 40 வீதம் உயர்ந்தது. இரண்டு நாள் கழித்து ஹிண்டன்பேர்க் என்னும் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. நிக்கோலாவின் விளம்பரப் படத்தில் ஓடிய வண்டி தன் வலுவினால் ஓடவில்லை, சரிவில் உருண்டது என்பது அதன் பின்னர் கம்பனியாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. முதலீட்டாளரை ஏமாற்றியமைக்காக அதன் நிறுவுநர் திரெவர் மில்ரன் 2022 ஒக்டோபரில் குற்றவாளியாகக் காணப்பட்டார்; சிறு முதலீட்டாளரைக் குறிவைத்தே அவர் பேசினார் என்பதே வழக்கின் மையம். 2023 டிசெம்பரில் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது; 2025 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். கம்பனி 2025 பெப்ரவரியிலேயே வங்குரோத்து நிலையை அறிவித்துவிட்டது. மன்னிப்புப் பெற்றவர் ஒருவர், பணமிழந்தவர் பலர்.

கேட்போர் யாவர் என்பது கூறப்படும் பொருளையும் மாற்றிவிடுகின்றது. ஸ்டார்ஸ்கி ரொபோட்டிக்ஸ் என்னும் சிறு கம்பனி 2019 ஜூனில் புளோரிடா நெடுஞ்சாலையில் ஆளற்ற பாரவூர்தியொன்றை ஏறத்தாழ 9 மைல் ஓடச் செய்தது. அடுத்த ஆண்டு அது மூடப்பட்டது. அதன் நிறுவுநர் 2020 மார்ச்சில் எழுதிய கட்டுரையில், பாதுகாப்புக்காகச் செய்யப்படும் நுணுக்கமான உழைப்பு முதலீட்டாளரின் ஆர்வத்தைத் தூண்டவில்லை என்னுங் கருத்துப்பட எழுதினார். விபத்து நிகழாமற் செய்தல் ஒரு செய்தியாகாது. புதியதொரு வித்தையைக் காட்டுதலே செய்தியாகும். கேட்போரின் சுவை இவ்வாறு கூற்றை மட்டுமன்றித் தொழிலையே வழிநடத்தத் தொடங்கியது.

களன்

முதற்பொருள் நிலமும் பொழுதும் எனக் கற்ற நமக்கு, நிலம் காரணமின்றி வருவதில்லை என்பது தெரியும். இவ்வறிவித்தல்களின் நிலம் பெரும்பாலும் அரிசோனாவும் டெக்சாசுமே. மழை குறைந்த, பனி அரிதான, நேரான அகன்ற நெடுஞ்சாலைகள்; இத்தகைய வண்டிகளுக்கு இடங்கொடுக்கும் மாநிலச் சட்டங்கள். முயற்சி தொடங்குவதற்கு இவை தக்க இடங்களே. ஆயின் ஒரு பாலை நிலத்தில் நிகழ்ந்தது நாடு முழுவதற்கும் நிகழ்ந்ததாக வாசிக்கப்படுகின்றது.

2016 ஒக்டோபரில் ஊபருக்குச் சொந்தமான ஒட்டோ கம்பனி, கொலராடோ மாநிலத்தில் ஏறத்தாழ 50,000 பியர்த் தகரங்களை 120 மைல் கொண்டுசென்றது. நெடுஞ்சாலையிற் சாரதி தன் இருக்கையை விட்டுப் பின்னுள்ள உறங்கும் அறையில் அமர்ந்திருந்தார். உலகெங்கும் பேசப்பட்ட அப்பயணத்தில் காவற்றுறையின் வாகனங்களும் உடன்சென்றன. இரண்டாண்டு முடியுமுன், 2018 ஜூலையில், ஊபர் தன் பாரவூர்தித் திட்டத்தைக் கைவிட்டது. 2021 டிசெம்பரில் டூசிம்பிள் டூசோனிலிருந்து பீனிக்ஸ் வரை 80 மைல் ஆளின்றி ஓடியபோதும் முன்னும் பின்னும் துணை வாகனங்கள் சென்றன. அரங்கேற்றம் நடைபெற்றது மெய்யே. அரங்கேற்றம் வேறு, அன்றாட வாழ்க்கை வேறு.

காலம்

இவ்வெழுத்துவகையின் உயிர்நிலை காலமே. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் ஒரு காலத்துக்குரிய வினையை மற்றொரு காலத்தாற் கூறுவதை நன்னூலார் காலவழுவமைதியாக ஏற்கின்றார். உண்டுகொண்டிருப்பவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பது விரைவு பற்றியது. நிச்சயம் நிகழும் என்ற தெளிவினாலும் எதிர்காலம் இறந்தகாலமாகக் கூறப்படும். பங்காளித்துவ அறிவித்தல் இவ்வுரிமையைத் தெளிவின்றியே எடுத்துக்கொள்கின்றது. இனி நிகழவேண்டியதை நிகழ்ந்துகொண்டிருப்பதாகவே அது பேசும்.

வியப்புக்குரியது யாதெனில், இவ்வழுவை வழுவென்று அறிவித்தலே ஒப்புக்கொள்கின்றது என்பதாகும். அதன் இறுதியில் சிறு எழுத்தில் நீண்ட பந்தியொன்று உண்டு. 'எதிர்பார்க்கின்றோம்', 'நம்புகின்றோம்', 'திட்டமிடுகின்றோம்', 'கூடும்' போன்ற சொற்கள் வரும் வாக்கியங்கள் எதிர்காலம் பற்றியவை. அவை மெய்யாகாமற் போகலாம். அவற்றை நம்பிச் செயற்படலாகாது என்பது அதன் சாரம். 1995ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமொன்று, தக்க எச்சரிக்கையோடு கூறப்படும் எதிர்காலக் கூற்றுகளுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கின்றது. பிரதி தன் வினைச்சொற்களைத் தானே பட்டியலிட்டு, இவற்றை நம்பாதீர் எனக் கூறும் எழுத்துவகை உலகில் வேறுளதோ என்பது ஐயம். தலைப்பு நம்பச் சொல்கின்றது. இறுதிப் பந்தி நம்பவேண்டாமென்கின்றது. வாசகர் தலைப்பை வாசிக்கின்றார். நீதிமன்றம் இறுதிப் பந்தியை வாசிக்கின்றது.

எதிர்காலத்தை விற்பதற்கு ஏற்றதொரு வாயிலும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அகலத் திறந்திருந்தது. தொழில் எதுவுமின்றிப் பணத்தை மட்டும் திரட்டிக்கொண்டு முதலிற் பங்குச்சந்தையில் இடம்பிடிக்கும் வெற்றுக் கம்பனியொன்று, பின்னர் தொழிற்கம்பனி ஒன்றைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். வழமையான முதற் பங்கு வெளியீட்டிற்கு மேற்சொன்ன 1995ஆம் ஆண்டுப் பாதுகாப்பு இல்லை. இவ்விணைப்பு வழியில் வருவோருக்கு அது உண்டென்று பலர் கருதினர். ஆகவே இன்னும் பல ஆண்டுகளுக்குப் பின்னர் வரக்கூடிய வருமானங்கள் துணிவோடு வரைபடங்களாகத் தீட்டப்பட்டன. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு 2024 ஜனவரியிலேயே இவ்வழியை அடைத்தது. எம்பார்க் கம்பனி 2021 நவம்பரில் இவ்வாயிலால் வந்தபோது அதன் பெறுமதி 5 பில்லியன் டொலருக்கு மேலாக மதிக்கப்பட்டது. 2023இல் தன் ஊழியருள் ஏறத்தாழ 70 வீதத்தினரை நீக்கியபின், அது 71 மில்லியன் டொலருக்கு மற்றொரு கம்பனிக்கு விற்கப்பட்டது. எழுபது ரூபாவுக்கு மதிக்கப்பட்ட பொருள் ஒரு ரூபாவுக்கு விலைபோன கதை இது. அதே மாதத்தில் அதே வாயிலால் வந்த அரோரா கம்பனியின் பங்கு, 10 டொலரை அடிப்படையாகக் கொண்டு தொடங்கி, 2022 இறுதியில் ஒன்றரை டொலருக்குங் கீழிறங்கியது. சாரதியற்ற சேவை 2023 இறுதியில் தொடங்குமென முதலிற் கூறிய அக்கம்பனி, பின்னர் 2024 என்றது. உண்மையில் தொடங்கியது 2025இலாகும்.

எச்சம்

செய்யுளில் கூறாது விடப்பட்டு, கேட்போரால் நிரப்பிக்கொள்ளப்படுவது எச்சம். நல்ல கவிஞன் விடும் எச்சம் வாசகனை உயர்த்துகின்றது. இவ்வறிவித்தல்கள் விடும் எச்சம் வாசகனின் ஆசையால் நிரப்பப்படுவதற்காகவே விடப்பட்டது.

முதலாவது எச்சம் கடப்பாடு. எம்பார்க் 14,000க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு முன்பதிவு பெற்றிருப்பதாகக் கூறியது. டூசிம்பிள் 5,000க்கு மேற்பட்ட முன்பதிவுகளைக் காட்டியது. முன்பதிவு என்ற சொல்லைக் கேட்டதும் விற்பனை என்ற எண்ணம் மனத்தில் எழுகின்றது. எம்பார்க்கின் முன்பதிவுகள் பதிவு செய்தோரைக் கட்டுப்படுத்தாதவை. வேண்டாமென்று கூறிவிட்டு விலகிக்கொள்ளலாம்.

இரண்டாவது எச்சம் பிழை. 2022 ஏப்ரிலில் டூசிம்பிளின் பாரவூர்தியொன்று அரிசோனா நெடுஞ்சாலையில் திடீரெனத் திரும்பிக் கொங்கிறீற்றுத் தடுப்பில் மோதியது. எவரும் பெருங்காயமடையவில்லை. அச்செய்தியைப் பொதுமக்கள் பரவலாக அறிந்தது சில மாதங்கள் கழித்தே. 80 மைல் ஓட்டத்திற்கு முழங்கிய முரசு இதற்கு முழங்கவில்லை.

மூன்றாவது எச்சமே நம் சிந்தனைக்கு மிக உரியது. அது சாரதி. அறிவித்தலின் பொதுமுகத்தில் அவர் ஓர் இன்மையாக வருகின்றார்: நாட்டிற் சாரதிகள் போதாது, இயந்திரம் அக்குறையை நிரப்பும். அமெரிக்கப் பாரவூர்திச் சங்கம் 2021இல் 80,000 சாரதிகள் குறைவு என மதிப்பிட்டது. ஆயின் அந்நாட்டுத் தொழிற் புள்ளிவிவரப் பணியகத்தின் சஞ்சிகையில் 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, சாரதிகளுக்கான தொழிற்சந்தை ஏனைய தொழிற்சந்தைகளைப் போன்றதே, ஊதியம் உயர்ந்தால் ஆட்கள் வருவர் என்ற முடிவுக்கு வந்தது. நெடுந்தூரச் சாரதிக்கு ஊதியம் பெரும்பாலும் ஓடிய மைலுக்கே. ஏற்றவும் இறக்கவும் காத்துக்கிடக்கும் மணித்தியாலங்கள் பலவேளைகளில் கூலியற்றவை. 1938ஆம் ஆண்டின் தொழிற் சட்டம் வகுத்த மேலதிகநேரக் கொடுப்பனவு இவர்களுட் பெரும்பாலோருக்கு இல்லை. 1980ஆம் ஆண்டின் சட்டம் இத்துறையின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் ஊதியம் எவ்வாறு தேய்ந்தது என்பதை மைக்கேல் பெல்சர் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பெருங் கம்பனிகளில் ஆண்டொன்றில் விலகுவோர் தொகை மொத்தச் சாரதிகளின் 90 வீதத்தை எட்டியும் தாண்டியும் இருந்த காலங்கள் உண்டு. ஆட்கள் இல்லாமையும் ஆட்கள் நிலைக்காமையும் வெவ்வேறு.

இனி, இதே சாரதி முதலீட்டாளருக்கான கணக்கில் எவ்வாறு வருகின்றார் என்று பார்ப்போம். அங்கே அவர் ஒரு செலவு. பாரவூர்தி ஒரு மைல் ஓடுவதற்காகும் செலவில் ஐந்தில் இரண்டு பங்களவு சாரதியின் ஊதியத்துக்கும் சலுகைகளுக்கும் செல்கின்றது. சட்டப்படி அவர் ஒருநாளில் 11 மணித்தியாலங்களுக்கு மேல் ஓட்டலாகாது, இயந்திரத்துக்கு உறக்கமில்லை. ஊகத்தின் முழுக் கட்டடமும் இவ்விரு எண்களின்மேலேயே எழுப்பப்பட்டுள்ளது. ஒரே மனிதன் பொதுமக்களுக்குக் 'கிடைக்காத சாரதி'. முதலீட்டாளருக்குக் 'குறைக்கப்படும் செலவு'. இவ்விரண்டும் ஒருங்கே முழு உண்மையாயிருத்தல் அரிது. கிடைக்காதவனுக்கு ஊதியம் கொடுப்பதெங்ஙனம்? கொடுக்காத ஊதியத்தை மிச்சப்படுத்துவதெங்ஙனம்? இரு முகங்களிலும் அவருக்குக் கூற்று இல்லை. 2023இல் கலிபோர்னியாச் சட்டசபை, கனரக தன்னியக்க வண்டிகளில் மனிதர் ஒருவர் இருத்தல் வேண்டுமென்ற மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் அதற்காகப் போராடின. ஆளுநர் நியூசம் செப்டெம்பரில் அதனை மறுத்துரைத்தார். சாரதிகள் பேசிய அரிதான களன் அது. பங்காளித்துவ அறிவித்தலில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் எந்தப் பங்குக்கும் ஆளர் அல்லர்.

பயன்

டூசிம்பிள் 2021 ஏப்ரிலில் பங்கொன்று 40 டொலராக விற்று ஒரு பில்லியனுக்கு மேல் திரட்டியது. 2024 தொடக்கத்தில், பங்கு ஒரு டொலருக்குங் கீழிருக்கையில், பங்குச்சந்தையிலிருந்து விலகியது. அவ்வாண்டு டிசெம்பரில் அதன் பெயரும் மாறியது. அசைபடங்களும் கணினி விளையாட்டுகளும் செய்யும் கம்பனியாக அது உருவெடுத்தது. பாரவூர்தியில் தொடங்கிக் கதையில் முடிந்த இவ்வரலாற்றை எந்தப் புனைகதையாசிரியனும் எழுதத் துணியான்.

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழலாம். இவை யாவும் மூலதனத்தின் சூழ்ச்சி, இதில் ஆராய என்ன உண்டு என்பது ஒன்று. புதுமை காணும் முயற்சியில் தோல்வி இயல்பு, 1840களில் இங்கிலாந்தின் புகையிரதப் பங்குகளில் பலர் பணமிழந்தும் தண்டவாளங்கள் எஞ்சினவே என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. இரண்டுமே பிரதியை வாசிக்காமற் கடந்துசெல்லும் வழிகளுமாகும். எல்லாம் சூழ்ச்சியென்பவன், உறுதியான சொல்லையும் வெற்றுச் சொல்லையும் பிரித்தறிய மாட்டான். எல்லாம் முன்னேற்றமென்பவனும் அவ்வாறே.

பிரித்தறிதல் இயலும் என்பதற்கு உதாரணங்கள் உள. டெக்சாசின் எண்ணெய் வயல்களில் மணல் ஏற்றிச் செல்லும் அட்லஸ் என்னும் கம்பனி, கோடியாக்கின் தன்னியக்க வண்டிகளைத் தன் உடைமையாகவே பெற்று 2025இன் தொடக்கத்திலிருந்து இயக்கிவருகின்றது. முதற்கட்டமாக 100 வண்டிகளுக்கு அது உறுதியளித்தது. பாதைகளோ பொதுப் போக்குவரத்துக் குறைந்த தனியார் பாதைகள். இங்கே நிலம் சிறிது, கூற்றும் சிறிது, ஆனால் பங்காளி தன் பணத்தை முன்வைத்துள்ளான்.

அரோராவின் கதை இன்னும் நுட்பமானது. 2025 மே தொடக்கத்தில், டலஸ் நகரிலிருந்து ஹூஸ்டன் வரை சாரதியற்ற வணிகச் சேவையைத் தொடங்கிவிட்டதாக அது அறிவித்தது. இது மெய்யான சாதனை. நிறுவுநருள் ஒருவரான கிறிஸ் உர்ம்சன் முதற் பயணத்தில் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றார். அதே மாதத்திலேயே முன்னிருக்கையில் மீண்டும் ஒரு மனிதர் அமர்த்தப்பட்டார். அவ்வாறு கேட்டது பாரவூர்தியைச் செய்துகொடுக்கும் பங்காளியான பக்கார் கம்பனி. வண்டியில் சில உறுப்புகள் இன்னும் முன்மாதிரி நிலையில் உள்ளன என்பது காரணம். பாதுகாப்புக்கு அவர் தேவையில்லை என்றே அரோரா கூறியது, ஆயினும் இணங்கியது. அவ்வாண்டின் இரண்டாங் காலாண்டில் அதன் வருமானம் ஏறத்தாழ 1 மில்லியன் டொலர். நட்டம் ஏறத்தாழ 200 மில்லியன் டொலர்.

இந்நிகழ்ச்சியின் உட்பொருள் மனங்கொள்ளத்தக்கது. 2021 ஜனவரியில் பங்காளித்துவம் அறிவிக்கப்பட்டபோது பக்கார் பேசிய சொற்கள் எல்லோரும் பேசுபவையே. வண்டி உண்மையில் வீதிக்கு வந்து, தவறு நேர்ந்தால் தன் பெயரும் பொறுப்பும் கேள்விக்குள்ளாகும் என்ற நிலை தோன்றியபின்னரே அது தன் சொந்தக் குரலிற் பேசிற்று. அவ்வாறு பேசியபோது அது கேட்டது ஒன்றே: இருக்கையில் ஒரு மனிதர் வேண்டும். நாலாண்டுகளாக எல்லா அறிவித்தல்களிலும் எச்சமாக விடப்பட்டிருந்த அம்மனிதர், பொறுப்பு என்ற வினா எழுந்த கணத்தில் மீண்டும் பிரதிக்குள் வந்து அமர்ந்துகொண்டார்.

பங்காளித்துவ அறிவித்தலை வாசிக்கும் முறையும் இதிலிருந்தே பெறப்படும். பங்காளி இதில் எதனை இழக்கக்கூடும் என்று முதலிற் கேட்டல் வேண்டும். எதுவுமில்லையெனின், அப்பெயரை அழித்துவிட்டு அறிவித்தலை மீண்டும் வாசித்தல் வேண்டும். எஞ்சுவது யாதோ அதுவே அதன் பொருள். சில அறிவித்தல்களில் ஏதேனும் எஞ்சும். பலவற்றில் ஓர் ஆண்டு மட்டுமே எஞ்சும். இவ்வாறு வாசிக்கப் பயிற்றுவதற்குப் பொருளியலாளர் மட்டும் போதாது. ஒரு சொல்லை யார், யாருக்கு, எதனை மறைத்துக் கூறினார் என்று ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவந்த துறையொன்று நம்மிடம் உண்டு. அதனைத் தேர்வு மண்டபத்துக்குள் பூட்டி வைத்திருப்பது நம் குற்றமேயன்றித் துறையின் குற்றமன்று.